நிதானமே!

பட்டிமன்றத் தலைப்பு: பயணத்தில் பெரிதும் மகிழ்ச்சி தருவது வேகமா? நிதானமா?
(‘நிதானமே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது)

வேகமாக வந்து, வேகமாகப் பேசி, மணி அடிப்பதற்கு முன்னாலேயே வேகமாக உட்கார்ந்துவிட்ட எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) வீட்டிலே ஒரு கையில் ரிமோட்டும் ஒரு கையில் காபியுமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற நேயர்களே! உங்கள் எல்லோருக்கும் என்னுடைய நிதானமான வணக்கம்.

எனக்கு முன்னாலே பேசிய நண்பர் பிரான்சு நாட்டுக்கே போய்விட்டார். “ஐயா, 1981-லேயே பாரீசுக்கும் லியோனுக்கும் நடுவிலே டி.ஜி.வி. என்கிற அதிவேக ரயிலை விட்டுவிட்டான். 2007-லே சோதனை ஓட்டத்திலே மணிக்கு 574 கிலோமீட்டர் வேகம் காட்டினான். இதுவல்லவா பயணம்! இதுவல்லவா மகிழ்ச்சி!” என்று கேட்டார். நீங்கள் எல்லாம் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏன்னா அவர் சொன்ன கணக்கு உண்மையான கணக்கு.

ஆனால் அதே பிரான்சிலே, அதே ரயில் பாதைக்குப் பக்கத்திலே இருக்கிற ஒரு சங்கதியை நண்பர் சொல்லவில்லை. அவர் மேலே தப்பில்லைங்க. அந்த ரயில் போகிற வேகத்திலே ஜன்னல் வழியாக அது கண்ணுக்குத் தெரியாது! (சிரிப்பு)

பர்கண்டி என்று ஒரு பிரதேசம். அங்கே குரோன் என்று ஒரு சின்ன ஆறு. நாலு பேர் சேர்ந்து சத்தம் போட்டால் ஆற்றின் சத்தம் கேட்காது, அவ்வளவு சாதுவான ஆறு. இரண்டு பக்கமும் புல்வெளி. புல்வெளியிலே ‘ஷரோலே’ என்ற ஜாதி வெள்ளை மாடுகள். சின்னச் சின்னக் கிராமங்கள், கல் வீடுகள், பழைய தேவாலயக் கோபுரங்கள். இந்தப் பள்ளத்தாக்கிலே க்ளூனி என்று ஒரு ஊர். நண்பர் சொன்ன டி.ஜி.வி. இந்த ஊருக்குப் பக்கத்திலேதான் பறக்கிறது. நிற்காது. விர்ரென்று போய்விடும்.

இந்தக் க்ளூனியிலிருந்து ஜிவ்ரி என்ற ஊர் வரைக்கும் 44 கிலோமீட்டருக்கு ஒரு பாதை இருக்கிறது. கார் வராது. லாரி வராது. பஸ் வராது. மோட்டார் சைக்கிள் வராது. சைக்கிள் வரலாம், நடந்து வரலாம், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரலாம். இதற்கு அவர்கள் ‘வுவா வேர்த்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம்ம தமிழிலே சொன்னால் ‘பசுமை வழி’. 1997-லே திறந்தார்கள். பிரான்சிலேயே இந்த வகையிலே இதுதான் முதல் பாதை.

இந்தப் பாதை எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களானால், அங்கேதான் இருக்கிறது சுவாரஸ்யம். இது ஒரு காலத்திலே ரயில் போன பாதை! 19-ஆம் நூற்றாண்டிலே போட்ட ரயில் பாதை. கார் வந்தது, சாலை வந்தது, எல்லோருக்கும் அவசரம் வந்தது. ரயிலிலே ஏற ஆள் இல்லை. ரயில் நின்று போனது. தண்டவாளத்தை எடுத்த பிறகு, ஆற்றோரமாக நீளமாக ஒரு நிலம், யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல் கிடந்தது.

இந்த இடத்திலே நடுவர் ஐயா அவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிரயோஜனம் இல்லாமல் போன ஒரு பொருளை என்ன செய்வது? விற்றுவிடலாம். துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொள்ளலாம். இல்லை, இன்னும் வேகமாகக் கார் போக ஒரு சாலை போடலாம். அந்த மாவட்ட நிர்வாகம் என்ன செய்தது? மூன்றையும் செய்யவில்லை. தண்டவாளம் இருந்த இடத்திலே வழவழப்பாகத் தார் போட்டது. சாலை குறுக்கே வருகிற இடங்களிலே கார் உள்ளே நுழையாதபடி தடுப்பு வைத்தது. “குழந்தைகளும் கிழவர்களும் வரட்டும்” என்று விட்டுவிட்டது. (கைதட்டல்)

இன்னொரு நுணுக்கம் பாருங்க. ரயில் என்கிற வண்டிக்கு மேடு ஏறத் தெரியாது. இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம்; செங்குத்தாக இருந்தால் வழுக்கும். அதனாலே ரயில் பாதை போடுகிற பொறியாளர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ஏற்றமே தெரியாதபடி நீவி நீவிப் போட்டிருப்பார்கள். அந்தப் பாதையிலே சைக்கிள் போனால் எப்படி இருக்கும்? எழுபது வயதுப் பாட்டி மிதித்தாலும் மூச்சு வாங்காது! நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலே நீராவி எஞ்சினுக்குக் காட்டிய கருணை, இன்றைக்கு நம்ம முழங்காலுக்குக் கிடைக்கிறது. (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி நண்பர் கேட்கலாம், “நீ பார்த்தியா?” என்று. பார்த்தேனுங்க. ஒரு மே மாதத்திலே நானும் என் மனைவியும் போனோம். இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், அப்புறம் அவர் கேட்கக் கூடாது. பாரீசிலிருந்து மாக்கோன் வரைக்கும் அதே டி.ஜி.வி.யிலேதான் போனேன்! (எதிரணியினர் கைதட்டல்) தட்டுங்க, தட்டுங்க. நிதானமாகத் தட்டுங்க. அந்த ரயிலிலே என்ன நடந்தது தெரியுமா? எதிர் சீட்டிலே ஒருத்தர் கணினியைத் திறந்தார். இன்னொருத்தர் காதிலே ஏதோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். நான் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டேன். ஊர் வந்துவிட்டது. ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான். அந்தப் பயணத்தைப் பற்றி உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு வாழைப்பழம்தான் இருக்கிறது. (பலத்த சிரிப்பு)

இறங்கி, வாடகைக்குச் சைக்கிள் எடுத்தோம். பசுமை வழியை இப்போது மாக்கோன் பக்கம் வரைக்கும் நீட்டியிருக்கிறார்கள். நடுவிலே ஒரு மலை. அந்த மலைக்குள்ளே ரயிலுக்காகக் குடைந்த சுரங்கம் ஒன்று இருக்கிறது. புவா கிளேர் சுரங்கம். 1,600 மீட்டர் நீளம். வெளியிலே வெயில், உள்ளே ஐஸ் பெட்டிக்குள் நுழைந்த மாதிரி சில்லென்று இருக்கிறது. குளிர்காலத்திலே இந்தச் சுரங்கத்தைப் பூட்டிவிடுகிறார்கள். எதற்கு? வௌவால் தூங்குகிறதாம்! குளிர்காலம் முழுக்க அது தூங்க வேண்டும், எழுப்பினால் அதன் உடம்பிலே சேர்த்து வைத்திருக்கிற சக்தி தீர்ந்து செத்துப் போகும் என்று, சைக்கிள்காரர்களை மலை மேலே சுற்றிப் போகச் சொல்கிறார்கள். வௌவால் தூக்கத்துக்காக வழி விடுகிற மனசு எந்த வேகத்திலேங்க வரும்?

மறுநாள் காலையிலே க்ளூனியிலிருந்து கிளம்பினோம். இந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 910-ஆம் ஆண்டிலே இங்கே ஒரு மடம் தொடங்கினார்கள். ஐரோப்பா முழுக்கக் கிளை மடங்கள் வைத்திருந்த மடம். 1088-லே அங்கே ஒரு தேவாலயம் கட்ட ஆரம்பித்தார்கள். 187 மீட்டர் நீளம்! ரோமாபுரியிலே இன்றைக்கு இருக்கிற புனித பேதுரு தேவாலயம் வருகிற வரைக்கும் கிறிஸ்தவ உலகத்திலேயே பெரிய கோயில் அதுதான்.

அந்த மடத்துத் துறவிகளுக்கு மௌனம் ஒரு விரதம். ஆனால் சாப்பாட்டு வேளையிலே ரொட்டி வேண்டும், மீன் வேண்டும் என்றால் என்ன செய்வது? சைகைக்கு என்றே ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டினால் ரொட்டி. கையை மீன் வால் மாதிரி ஆட்டினால் மீன். இதைச் சொன்னதும் என் மனைவி, “இதுக்கு எதுக்கு பிரான்சு வரணும்? நமக்குள்ளே பேச்சு வார்த்தை நின்னா நம்ம வீட்டிலேயும் இதுதானே! தட்டை ‘டங்’குன்னு வச்சா சோறு, ‘டம்’முன்னு வச்சா குழம்பு இல்லை” என்றார்கள். (பலத்த சிரிப்பு)

அந்தத் துறவிகள் தேடின மௌனம் இன்றைக்கும் அந்தப் பள்ளத்தாக்கிலே இருக்கிறதுங்க. சைக்கிள் சக்கரம் தார் மேலே உருளுகிற சத்தம் உங்களுக்கே கேட்கிறது. குயில் மாதிரி ஒரு பறவை, குக்கூ, குக்கூ என்று எங்கிருந்தோ கூப்பிடுகிறது. மாடு புல்லைப் பறிக்கிற சத்தம் கேட்கிறது, நம்பினால் நம்புங்கள். வழியிலே தேஸே என்று ஒரு குன்று. 1940-லே ரோஜே என்ற சகோதரர் அங்கே வந்து ஒரு துறவியர் குழுவை உண்டாக்கினார். இன்றைக்கும் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான வாலிபப் பிள்ளைகள் வந்து பாடுகிறார்கள், கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேசாமல் உட்கார்ந்திருக்க இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்றால், அமைதிக்கு எவ்வளவு பஞ்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

அப்புறம் இந்தப் பாதையிலே ஒரு பழக்கம். எதிரே யார் வந்தாலும் ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்ல வேண்டும். காரிலே போகிறவனுக்கு எதிரே வருகிறவன் எதிரி. சைக்கிளிலே போகிறவனுக்கு எதிரே வருகிறவன் விருந்தாளி. முதுகிலே பேத்தியைக் கட்டிக்கொண்டு நடக்கிற பாட்டி, போன்ழூர். முன்னும் பின்னும் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிற வயதான தம்பதி, போன்ழூர். சக்கர நாற்காலியைக் கையாலே உருட்டி வருகிற இளைஞர், போன்ழூர். மத்தியானம் ஆவதற்குள் நான் தேர்தலிலே நிற்கிற வேட்பாளர் மாதிரி ஆகிவிட்டேன்! கை கூப்பாததுதான் பாக்கி. (சிரிப்பு)

கோர்மத்தான் என்ற ஊரிலே ஒரு பழைய மாளிகை, நின்று பார்த்தோம். அதைத் தாண்டினால் ஓர் ஊர். ராஜா காலத்திலே அதன் பெயர் சேன் ழாங்கூ ‘லெ ரோயால்’. அதாவது ராஜாவின் ஊர். ராஜாவை அனுப்பிவிட்ட பிறகு பெயர்ப் பலகையையும் திருத்தி ‘லெ நசியோனால்’, தேசத்தின் ஊர் என்று ஆக்கிவிட்டார்கள். நம்ம ஆட்களுக்கு மட்டும்தான் பெயர் மாற்றத் தெரியும் என்று நினைத்தேன்! (சிரிப்பு) இதையெல்லாம் ரயில் ஜன்னலிலே படிக்க முடியுமா ஐயா? ரயில் போய்விட்ட ஊர்களிலே அந்தப் பழைய ரயில் நிலையக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. கிராமத்துக் கடைக்காரர் மத்தியானம் 12 மணிக்குக் கதவைச் சாத்தினால், சாப்பிட்டு முடித்துச் சாவகாசமாகத்தான் திறக்கிறார். அதற்குள்ளே ரொட்டி வாங்கிக்கொண்டு மர நிழலிலே உட்கார்ந்துவிட வேண்டும். நாங்கள் உட்கார்ந்தோம்.

அங்கேதான் என் மனைவி ஒன்று சொன்னார்கள். “பள்ளிக்கூடத்துக்குத் தினமும் ஆறு மைல் சைக்கிளிலே போனவ நான். உங்களுக்குத் தெரியுமா?” என்றார்கள். தெரியும் என்றேன். “ஏன் விட்டேன் தெரியுமா?” வயசாகிவிட்டது, அதனாலே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். “கால் முடியாம விடலைங்க. கல்யாணம் ஆகி டவுனுக்கு வந்த புதுசுலே, பின்னாலே வந்த லாரி ஒரு ஹாரன் அடிச்சான். கை நடுங்கிப் போச்சு. இறங்கித் தள்ளிக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். அதுக்கப்புறம் தொடலை. இன்னைக்குத்தான் பின்னாலே திரும்பிப் பார்க்காம ஓட்டறேன்.”

(அரங்கில் அமைதி)

நடுவர் ஐயா அவர்களே, கால் அவர்களைக் கைவிடவில்லை. சாலைதான் கைவிட்டது. வேகம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அது ஒருத்தருக்கு நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கும்போது இன்னொருத்தரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு போகிறது. குழந்தைகளைத் தெருவிலிருந்து உள்ளே அனுப்பியது. கிழவர்களைத் திண்ணையோடு நிறுத்தியது. அன்றைக்கு அந்தப் பாதையிலே என் மனைவி எனக்கு முன்னாலே போனார்கள். மணியை அடித்துக்கொண்டு போனார்கள். எதிரே யாருமே இல்லை, சும்மா அடித்தார்கள். பதினாறு வயசுப் பெண் ஒருத்தியை எனக்கு அந்தப் பள்ளத்தாக்கு காட்டிக் கொடுத்தது. (நீண்ட கைதட்டல்)

டி.ஜி.வி. மணிக்கு 300 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 44 கிலோமீட்டருக்கு அதற்கு ஒன்பது நிமிஷம். எங்களுக்கு நின்று, பார்த்து, சாப்பிட்டு, பேசி, ஒன்பது மணி நேரம். எது லாபம்? நண்பர் கணக்கிலே நாங்கள் எட்டு மணி ஐம்பத்தொரு நிமிஷத்தைத் தொலைத்துவிட்டோம். எங்கள் கணக்கிலே அவ்வளவும் வரவு!

எதிரணியினர் சொல்வதிலே ஒரு நியாயம் இருக்கிறது. உயிருக்குப் போராடுகிறவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேகம் வேண்டும். தீயணைக்க வேகம் வேண்டும். தூர தேசத்திலே இருக்கிற பிள்ளை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஓடி வர வேகம் வேண்டும். இதை யார் மறுத்தது? ஆனால் அதெல்லாம் அவசியம். இன்றைக்குத் தலைப்பு அவசியம் எது என்பதல்லவே! மகிழ்ச்சி எது என்பதல்லவா தலைப்பு? ஆம்புலன்சிலே போய்விட்டு வந்து “ஆகா, என்ன சுகமான பயணம்” என்று சொன்னவர் யாராவது உண்டா? (சிரிப்பு, கைதட்டல்)

இன்னொரு கேள்வியும் வரும். “அது பிரான்சு, பணக்கார தேசம், ஆறும் புல்வெளியும் இயற்கை கொடுத்தது” என்பார்கள். ஆற்றை இயற்கை கொடுத்தது; சரி. அந்த அமைதியை இயற்கை கொடுக்கவில்லைங்க. மனிதர்கள் கூடி முடிவு செய்து கொடுத்தார்கள். 2004-லே அவர்கள் சாலை விதிகளிலேயே எழுதிவிட்டார்கள், பசுமை வழி என்றால் மோட்டார் இல்லாத வண்டிக்கும், நடப்பவருக்கும், குதிரையில் வருபவருக்கும் மட்டும் என்று. சட்டம் போட்டுக் காப்பாற்ற வேண்டிய பொருளாக அமைதி ஆகிவிட்டது.

(நடுவர் மணி அடிக்கிறார்)

நிதானமாக அடிங்க ஐயா, முடிக்கப் போகிறேன். (சிரிப்பு)

அதே க்ளூனியிலே அந்தப் பெரிய தேவாலயம் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே நான்! 1789 புரட்சிக்குப் பிறகு மடம் கலைந்தது. இனி இதனாலே பிரயோஜனம் இல்லை என்று 1798-லே விற்றுவிட்டார்கள். வாங்கினவர்கள் கல் கல்லாகப் பெயர்த்து விற்றார்கள். கட்ட எத்தனையோ பத்தாண்டுகள் ஆன கோயிலிலே இன்றைக்குப் பத்திலே ஒரு பங்குகூட மிச்சம் இல்லை. ஒரு பக்கத்துக் கையும் ஒரு கோபுரமும் நிற்கிறது. பார்த்தால் வயிறு எரிகிறது.

அதே பள்ளத்தாக்கிலே, இருநூறு வருஷம் கழித்து, இன்னொரு பொருள் பிரயோஜனம் இல்லாமல் போனது. அந்த ரயில் பாதை. கோயிலை இழந்த ஊர்க்காரர்களுடைய பேரப்பிள்ளைகள் இந்தத் தடவை அவசரப்படவில்லை. பிரித்து விற்கவில்லை. கொஞ்சம் நின்று யோசித்தார்கள். அந்த யோசனையிலே பிறந்ததுதான் இன்றைக்குக் குழந்தை மூன்று சக்கர வண்டி ஓட்டுகிற பாதை. அவசரமாக முடிவு எடுத்ததிலே ஒரு கோயில் போனது. நிதானமாக முடிவு எடுத்ததிலே ஒரு பாதை கிடைத்தது. இதைவிட எங்கள் அணிக்கு வேறு சாட்சி வேண்டுமா ஐயா? (கைதட்டல்)

வேகம் நம்மை ஓர் ஊரிலே கொண்டு போய் இறக்கிவிடும். அந்த ஊரைக் காட்டுவதும், அந்த ஊர் மனிதரைக் காட்டுவதும், கூட வந்தவர் யார் என்று நமக்கே காட்டுவதும் நிதானம்தான். ஆகவே பயணத்தில் பெரிதும் மகிழ்ச்சி தருவது நிதானமே, நிதானமே என்று நல்லதொரு தீர்ப்பை, அவசரமில்லாமல் ஆற அமர யோசித்து வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(பலத்த கைதட்டல்)